ஆசியாவில் வேலை, ஐரோப்பாவில் வீடு

சித்தப்பா ருஷ்யாவிலிருந்து எழுதிய கடிதத்தை நான் ஆறாம் வகுப்புப் படித்த வருஷம் எத்தனை தடவை ஒப்பித்தேன் என்று நினைத்தால் இப்போதும் எனக்குத் தொண்டை வலிக்கிறது. வடக்கே இரும்பாலையில் வேலை பார்த்தவரை மக்னிதகோர்ஸ்க் என்ற ஊருக்குப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். இரண்டு வருஷமாகியும் ஆள் திரும்பவில்லை. சித்தி எங்களோடு தென்காசியில் இருந்துகொண்டு, வீட்டில் அத்தனை பேருக்கும் மாவாட்டிக்கொண்டிருந்தாள்.

கடிதம் அப்பா பெயருக்குத்தான் வரும். சித்திக்குப் படிக்கத் தெரியாது; அப்பாதான் வாசித்துக் காட்டுவார். பக்கம் பக்கமாக ஊர்ப் புராணம். அங்கே மலையே இரும்பாம். முன்பு வெறும் புல்வெளிதானாம். வந்த ஜனங்கள் பனியில் கூடாரம் போட்டுக் கிடந்து உலைகளைக் கட்டினார்களாம். சண்டைக் காலத்தில் டாங்கிகளுக்கு இரும்பு அங்கிருந்துதான் போனதாம். இத்தனை எழுதிய மனுஷன், சித்தி சௌக்கியமா என்று ஒரு வரி கேட்கமாட்டார்.

அப்பா அந்தக் கடிதத்தையே என்னிடம் கொடுத்துப் பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் பண்ணச் சொன்னார். கடைசிப் பக்கத்தில் ஒரு வரியை மட்டும் பென்சிலால் அடித்து, "இது வேண்டாம்" என்றார். எனக்கு முதல் பரிசு கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தில் எல்லோரையும் குற்றாலத்துக்கு அழைத்துப் போனார். நல்ல சாரல். குளித்துவிட்டுச் சித்தியும் நானும் பாறையோரம் தலை துவட்டிக்கொண்டிருந்தோம்.

"ஏட்டி, அந்தப் பேச்சை ஒருக்கச் சொல்லு."

"இங்கனயா? குளிருது சித்தி."

"சொல்லுட்டி. உங்கப்பா வாசிச்சா வேகமா ஓடிருதாரு."

வேண்டாவெறுப்பாக ஆரம்பித்தேன். "ஊரின் நடுவே உரால் ஆறு ஓடுகிறது. ஆலை இருக்கும் கரை ஆசியா. குடியிருக்கும் கரை ஐரோப்பா. காலையில் டிராம் ஏறி ஆசியாவுக்கு வேலைக்குப் போய், மாலையில் ஐரோப்பாவுக்கு வீடு திரும்புகிறேன்" என்ற இடத்தில் சித்தி என் கையைப் பிடித்தாள்.

"வீட்டுக்கு வருதாருன்னா, அங்கன யாரு இருக்கா? கதவ இவரேதான் தொறக்காரா?"

பாவமாக இருந்தது. சித்தப்பா பட்டினி கிடக்கிறாரோ என்று சித்தி கவலைப்படுகிறாள், வேறென்ன! அடித்துவிட்ட அந்த வரியும் எனக்கு மனப்பாடம்தானே.

"கவலப்படாதீங்க சித்தி. லிதியா சூப்பு வச்சுக் காத்துக்கிட்டு இருப்பாளாம். பீட்ரூட் சூப்பு. கடுதாசில இருக்கு."

சித்தி துண்டைப் பிழிந்தாள். பிழிந்ததையே மறுபடியும் பிழிந்தாள்.

"நல்லதுதான். பசிக்காம இருக்காருல்லா," என்றாள். "எனக்குத்தான் ரொம்ப அசதியா இருக்கு."

மறுநாள் காலையில் ஊறப்போட்ட அரிசியை அப்படியே விட்டுவிட்டு, சுரண்டை பஸ் ஏறித் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு அவள் வரவேயில்லை.

அப்பா என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். நடந்ததைச் சொன்னேன். பளாரென்று ஒரு அறை விட்டார். சித்தி நிம்மதியாக இருக்கட்டுமே என்று சொன்ன பிள்ளைக்கு எதற்கு அடி? அழுது அழுது யோசித்துப் பார்த்தேன். நாங்கள் சைவம். ருஷ்யாக்காரர்கள் சூப்பில் எலும்பு போடுவார்கள் என்று வகுப்பில் ஒருத்தி சொல்லியிருந்தாள். அதைப் போய்ச் சித்தியிடம் உளறியதற்குத்தான் அடி என்று ரொம்ப வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.