அசார் முப்பத்திரண்டில் பிறந்தவள்

பவித்ரா கர்த்திக்கு உட்கார்ந்த இடத்தில் கால் நிற்காது. நேபாளத்தின் கோராஹியில் மாவட்ட நிர்வாக அலுவலகத்துக்கு எதிரே, நீலத் தார்ப்பாய்க்குக் கீழே மடிக்கணினி வைத்துக்கொண்டு, பதினொரு வருடமாக ஊராருக்கு விண்ணப்பம் நிரப்புகிறாள். மேசை ஆடிக்கொண்டே இருக்கும். தேநீர் வைத்தால் சிந்தும். கத்தாருக்கும் மலேசியாவுக்கும் அவள் நிரப்பிக் கொடுத்துப் போனவர்கள் நானூறு பேர் இருப்பார்கள். என் கல்லூரி விண்ணப்பமும் அவள் கையால் நிரப்பியதுதான்.

இந்த ஜேட் மாதம்தான் தனக்கென்று ஒரு விண்ணப்பத்தை எடுத்தாள். கொரியாவில் பசுமைக்குடில் வேலை. நாற்பது முடிந்தவர்களை எடுக்கமாட்டார்கள். அவளுக்கு அடுத்த மாதம் நாற்பது. கடைசி நாள் வரை தள்ளிப்போட்டிருந்தாள். மாலை ஐந்துக்கு இணையதளம் மூடிவிடும். குடியுரிமை அட்டையில் பிறந்த தேதியாக இருப்பது எங்கள் நேபாள நாட்காட்டியின் 2042 அசார் 32; ஆங்கிலக் கணக்கில் 1985. அதையே அடித்தாள். ‘அப்படி ஒரு தேதி இல்லை’ என்றது தளம்.

நம் தேதியை ஆங்கிலத் தேதியாக மாற்றும் அந்தச் சின்ன லைப்ரரி நிரலை எழுதியவன் நான். ரோல்பாவில் எங்கள் ஊரில் முதலில் பட்டம் வாங்கியவன். காத்மாண்டில் அந்தத் தளத்தைப் பார்த்துக்கொள்கிறேன். நாலு பத்துக்கு அவளிடமிருந்து போன்.

“தம்பி, நான் இன்னும் பொறக்கவே இல்லையாம்! உன் லைப்ரரி சொல்லுது.”

“முப்பத்தொண்ணு போட்டுப் பாருங்கக்கா.”

“முப்பத்திரண்டுல பொறந்த ஊராருக்கெல்லாம் அப்படித்தான் போட்டேன். அட்டையோட ஒத்துப்போகலன்னு நேத்து ரெண்டு பேரைத் தள்ளிட்டாங்க. ஏன்டா, அசாருக்கு முப்பத்திரண்டு நாள் வரும்னு எங்க எருமைக்கே தெரியும். பட்டம் வாங்குனவனுக்குத் தெரியாதா?”

எனக்கா தெரியாது? வருடத்துக்கு வருடம் மாத நாட்கள் மாறும் என்று தொண்ணூறு வருட அட்டவணையைக் கையால் அடித்துச் சேர்த்தவன். அட்டவணையில் 32 ஒழுங்காகவே இருந்தது. அதற்கு முன்னால், கல்லூரியில் கற்ற பழக்கத்தில் எழுதிய ஒரே ஒரு வரி: 31க்கு மேல் வந்தால் தள்ளிவிடு.

“போனை வைக்காதீங்கக்கா.”

“சீக்கிரம்டா. மேசை உடைஞ்சிரும் போல.”

வரியை நீக்கி, சோதித்து, ஏற்றும்போது 4:41. அந்தப் பக்கம் விசைகள் தடதடத்தன.

“ஏத்துக்கிச்சு! அனுப்பிட்டேன்.”

நன்றி சொல்வாள் என்று காத்திருந்தேன். நோட்டுப் புத்தகம் புரளும் சத்தம்தான் கேட்டது.

“நான் முப்பத்தொண்ணு போட்டு அனுப்புனவங்க இன்னும் ஏழு பேரு இருக்காங்க. அஞ்சுக்குள்ள திருத்தலாம்ல?”

“திருத்தலாம், ஆனா அவங்கவங்க போனுக்கு வர்ற ஓடிபி எண் வேணும்.”

“அப்போ நீ போனை வை, ஏழு பேரையும் கூப்பிடணும். அதுல ஜீத்மான் வயல்ல நிப்பான், காது வேற கேக்காது.”