வாயசைவுக்குக் காத்திருந்த குரல்

ஓராண்டாயிற்று, எங்கள் வீட்டில் அப்பாவை “நைனா” என்று அழைத்தால் “ஆங்” என்று அந்தக் கனத்த குரல் பதில் தராமல். அக்குரலைத் தொலைக்காட்சியில் பலமுறை கேட்டிருந்தும், அது திருத்தணிக்காரர் ஒருவருடையது என்று அறியாதவர்கள் பலர். அவர்களுக்காகவும், அறிந்த உறவினர்களுக்காகவும் அவருடைய மூத்த மகள் இதை எழுதுகிறேன்.

நைனா பள்ளிப்பட்டுக்கு அருகே ஒரு சிற்றூரில், வேளாண் குடும்பத்தில் பிறந்தார். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ். பள்ளி நாடகத்தில் அரசனாக நடித்தபோது மைக் நின்றுபோயும் கடைசி வரிசை வரை வசனம் கேட்டதாம். அன்றே நடிகராவது என்று முடிவு செய்துவிட்டார். அம்மாவை மணந்து திருத்தணியில் குடியேறிய பிறகு, தெலுங்குப் படங்களுக்குத் தமிழில் டப்பிங் பேசும் வேலை சென்னையில் கிடைத்தது. வேலை என்பது பெரிய சொல். கூட்டத்தில் ஒருவராக நின்று “ஐயோ”, “ஓடுங்க”, “புடிங்க அவன” என்று கத்த வேண்டும். அதற்காக ஆறு ஆண்டுகள், விடியற்காலையின் முதல் ரயிலில் போய் வந்தார். அங்கன்வாடியில் வேலை பார்த்த அம்மாதான் வீட்டைத் தாங்கினார்.

நைனாவின் கோபத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பந்தியில் சாம்பார் வரத் தாமதமானால் இலையை மடித்துவிட்டு எழுந்துவிடுவார். அப்படிப்பட்டவருக்கு ஒருநாள் வில்லன் பாத்திரம் வந்தது. வசனப் பயிற்சியில் ஒரு மாதம் வீடே அதிர்ந்தது. தம்பியும் நானும் பயந்து அடுத்த வீட்டில் போய்ப் படித்தோம். ஆனால் பதிவின்போது, திரையில் நடிகர் வாய் திறப்பதற்கு முன்பே நைனா பேசிவிட்டார். திரும்பத் திரும்ப அதே தவறு.

“அவன் இன்னும் வாயே தொறக்கல, அதுக்குள்ள நீ பேசிட்டா எப்டிப்பா? கொஞ்சம் பொறு” என்றாராம், டப்பிங்கை நடத்திய பெரியவர்.

ஏழாவது முறையும் தவறியபோது, அவ்வேடத்தை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். நைனா வசனத் தாள்களை வீசி எறிந்துவிட்டு வந்துவிட்டார். அதன்பின் அவரை யாரும் கூப்பிடவில்லை. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் மலையடிவாரத்தில் ஒரு பாத்திரக் கடையில் நின்றார். வாடிக்கையாளரிடம் விலை சொல்வதைத் தவிர வாய் திறப்பதில்லை. அவருடைய கோபத்தைவிட அந்த மௌனம்தான் எங்களை அச்சுறுத்தியது.

ஒருநாள் அம்மா கேட்டார். “போய் ஒரு மன்னிப்பு கேட்டா நாக்கு தேஞ்சிடுமா? போய்ட்டு வாங்க.”

டப்பிங் கூடத்துக்குப் போனார். உள்ளே வேலை நடக்கிறது, உட்காருங்கள் என்றார்கள். மாலை வரை உட்கார்ந்தார். மறுநாளும் போய் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் பெரியவர் வெளியே வந்து, “இன்னும் இங்கியே உக்காந்துகினு கீறியா?” என்றார்.

“ஆங். தப்பு எம்மேலதான் சார். கூட்டத்துல கத்தறதுக்குன்னாலும் கூப்புடுங்க.”

மறுபடியும் “ஓடுங்க”விலிருந்து தொடங்கினார். இம்முறை தம் பகுதி முடிந்ததும் கிளம்பாமல், மற்றவர்கள் பேசுவதை ஓரத்திலிருந்து கவனித்தார். வீட்டில் டிவியின் சத்தத்தை நிறுத்திவிட்டு நடிகர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். நாங்கள் சிரிப்போம்.

நான் திக்கிப் பேசுபவள் என்பதை உறவினர் அறிவீர்கள். “த... த...” என்று தண்ணீர் கேட்கத் தொடங்கினால், “தட்டா? தலகாணியா? சீக்கிரம் சொல்லு!” என்று அதட்டிய நைனாதான் அவர். எட்டாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வு முடிந்த ஒரு மாலை, டிவிமுன் இருந்தவரிடம் போய், “நைனா, நான் க... க...” என்று நின்றேன். நைனா திரும்பினார். சொல்லை எடுத்துக் கொடுக்க வந்த அம்மாவைக் கை உயர்த்தித் தடுத்தார். என் வாயை மட்டும் பார்த்தபடி இருந்தார். முகத்தில் எரிச்சலே இல்லை.

“...கணக்குல பெயில்.”

“அடிப்பாவி! இதக் கேக்கவா இவ்ளோ நேரம் காத்துகினு இருந்தேன்?” என்று விழுந்து விழுந்து சிரித்தார். அவர்முன் முதன்முறையாக நானே ஒரு பேச்சைப் பேசி முடித்தது அன்றுதான். அதன்பின் ஒருமுறைகூட என் சொல்லை அவர் பறித்ததில்லை.

மேலும் நான்கு ஆண்டுகள் கழித்து, ஒரு படத்தில் கிழட்டு ஜமீன்தாருக்குக் குரல் கொடுத்தார். முதல் முறையிலேயே சரியாக அமைந்தது. பிறகு தொடர்கள், படங்கள் என்று வேலை நிற்கவில்லை. “முகம் தெரியலையேன்னு வருத்தமில்லையா நைனா?” என்று தம்பி கேட்டதற்கு, “எம் மூஞ்சிக்கு அந்தக் குரல் செட்டாவாதுடா” என்றார்.

இதயம் பலவீனப்பட்டு மருத்துவமனையில் இருந்தபோதும், நர்சுகள் கேட்டால் ஜமீன்தார் குரலில் மிரட்டிவிட்டுத்தான் மாத்திரை போட்டுக்கொள்வார். வீடு திரும்பிய மூன்றாம் வாரம், ஒரு காலையில் அம்மாவிடம் காபி கேட்டார். அம்மா கலந்து கொண்டுவருவதற்குள் போய்விட்டார்.

சிகிச்சையளித்த மருத்துவருக்கும், நர்சுகளுக்கும், சமையலடுப்பை எங்களுக்காகத் தங்கள் வீட்டில் மூட்டிய அண்டை வீட்டாருக்கும், பள்ளிப்பட்டிலிருந்து இரவோடிரவாக வந்து சேர்ந்த பங்காளிகளுக்கும், தள்ளாத வயதில் ரயிலேறி வந்து நைனாவின் தலைமாட்டில் வெகுநேரம் நின்றிருந்த அந்தப் பெரியவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இக்கட்டுரையை நினைவுநாளன்று உங்கள்முன் நானே வாசிக்கப்போகிறேன். தம்பி வாசிப்பதாகச் சொன்னான், வேண்டாமென்றுவிட்டேன். எங்கேனும் ஒரு சொல்லில் நான் நின்றுவிட்டால், தயவுசெய்து யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டாம். சற்றுப் பொறுத்திருங்கள், சொல்லிவிடுவேன்.