சிரட்டைத் தணலில் வெந்த பீட்சா

அக்கராயன் ஊர்ச் சிவரூபி ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்தாள். மதிய இடைவேளை முடியும் மணி அடிப்பதற்குள் சோற்றை அள்ளி விழுங்கியே அவளுக்குப் பழகிவிட்டது.

பௌர்ணமிப் போயா விடுமுறையன்று பீட்சா செய்யத் துணிந்தாள். வீட்டில் அதைச் சுடப் போறணை அடுப்பு இல்லை. குழைத்துப் பொங்கவிட்ட மாவைத் தட்டில் பரப்பித் தக்காளி பூசி, வதக்கிய கணவாய் மீனும் சீஸும் தூவினாள். அடுப்புத் தணலில் ஏற்றிய, மணல் பரப்பிய சட்டிக்குள் தட்டை வைத்து மூடி, மூடிமேலும் தேங்காய்ச் சிரட்டைத் தணலைக் கொட்டினாள்.

திறந்து பார்த்ததும், "இஞ்ச ஓடி வாங்கோ! பொங்கி வந்திட்டுது!" என்று கத்தினாள். கணவன் ஜனகன் ஓடிவந்தான்.

முதல் துண்டை அவள் அவசரமாக விழுங்கினாள்.

"ஆறுதலாச் சாப்பிடும். இண்டைக்கு ஆர் மணி அடிக்கப் போகினம்?" என்றான்.

அடுத்த துண்டை மெல்ல மென்றாள். கருகிய ஓரத்தின் மொறுமொறுப்பும் கணவாயின் இனிப்பும் தனித்தனியாக நாவில் தெரிந்தன.

"ஐயோ, என்ன ருசியப்பா! அடுத்த போயாவுக்கு இறால் வாங்கி வாங்கோ!"