ஸ்பெக்ட்ரம் அனலைசரும் உள்ளங்கை போர்டும்

வேலூரில் நான் பாடம் எடுத்த பொறியியல் கல்லூரியில் ஸ்பெக்ட்ரம் அனலைசர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. காற்றில் என்னென்ன ரேடியோ அலைகள், எவ்வளவு பலத்தில் இருக்கின்றன என்று திரையில் காட்டும் கருவி. அது என் பொறுப்பில் இருந்தது. யாருக்கு வேண்டுமானாலும் என்னிடம்தான் வந்து கேட்க வேண்டும். அப்படிக் கேட்பது எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டாயிரங்களின் கடைசியில், ஆம்பூர் ஷூ கம்பெனி மேனேஜர் ஒருவர் வந்தார். தோலில் டிசைன் அழுத்தும் ஹை-ஃப்ரீக்வன்சி மெஷினை ஓட்டினால், பக்கத்திலிருக்கும் தோல் அளக்கும் மெஷின் தப்பாகக் காட்டுகிறதாம்.

"ஒரே பேஜாரா இருக்குது சார். இன்னா பண்றதுன்னே தெரியல."

அனலைசரை வெளியே அனுப்ப முதல்வர் சம்மதிக்கவில்லை. என்னோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியை, "எங்கிட்ட ஒண்ணு இருக்குது சார், எடுத்துட்டு வர்றேன்" என்றார்.

அது அவரே வீட்டில் சோல்டர் செய்த உள்ளங்கையளவு போர்டு. ஒரு பக்கம் ஆண்டெனா கம்பி, மறுபக்கம் லேப்டாப்பின் ஆடியோ துளை. மீதியெல்லாம் சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும். ஆம்பூர் போய்ச் சேரும்வரை, அது வேலை செய்யக் கூடாது என்றே வேண்டிக்கொண்டிருந்தேன்.

மெஷினை ஓட்டியதும் லேப்டாப் திரையில் ஒரு கூர்முனை எழுந்தது. ஆண்டெனாவைப் பிடித்தபடி அவர் மெஷினைச் சுற்றி வந்தார். பின்பக்க மூடியருகே முனை இன்னும் உயர்ந்தது. அந்த மூடியின் எர்த் கம்பி கழன்றிருந்தது. மாட்டி முறுக்கியதும் முனை படுத்தது, தோல் அளவும் சரியானது. மேனேஜர் முதல் டீயை அவரிடம் நீட்டினார்.

"பலம் எவ்ளோன்னு இது கரெக்டா சொல்லாதே, மேடம்" என்றேன்.

"ஆமா சார், ஜாஸ்தியா கம்மியான்னுதான் சொல்லும். உங்க அனலைசரோட வச்சுப் பாத்துக்கணும். நாளைக்குத் தர்றீங்களா?"

அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

யாருக்கும் சொல்லாமல் நானும் அதே போர்டைச் செய்தேன். ஒரே சிக்னல், கண்ணாடியில் பார்ப்பதுபோல், இரண்டாகத் தெரிந்தது. எவ்வளவோ முயன்று, கடைசியில் அவரிடமே போனேன்.

"உங்க லேப்டாப்புல மைக் மோனோ சார். போர்டுலேர்ந்து ரெண்டு சிக்னல் வருது, அது ஒண்ணைத்தான் வாங்குது. வெளியேருந்து ஸ்டீரியோ சவுண்ட் கார்டு போடுங்க, அந்தப் பிம்பம் போய்டும்."

போட்டேன், போய்விட்டது. போர்டு வேலை செய்த சந்தோஷத்தைவிட, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அவர் அதைச் சொன்னதுதான் மனதில் நின்றது. இன்றும் உறுத்துகிறது.