தியூந்தா அம்மாவிடம் கேட்ட தண்ணீர்

நேலிதா, செப்பெஸ் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் சமைத்தவள். பிள்ளைகளுக்குப் பரிமாறி, அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சாயங்காலம் அங்கேயே பெரியவர்கள் வகுப்பில் உட்கார்ந்து விட்டுப்போன படிப்பை முடித்தாள். நாற்பத்தேழாவது வயதில் சான் ஹுவான் நகரத்து ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு.

அன்று காலை பழைய காரில் கிளம்பினார்கள். ஓட்டியது கணவன் ராமீரோ. பின்சீட்டில் மகள் யமீலாவும் சுருட்டிய மெத்தையும். மார்ச் வெயில் ஏழு மணிக்கே பல்லைக் காட்டியது.

மராயெஸ் என்ற ஊரைத் தாண்டி, பாலைவனத்தில் தாகத்தால் செத்த தியூந்தா அம்மாவுக்கு ஒரு சின்னக் கோயில் உண்டு. அவள் தாகம் தீர வழிப்போக்கர்கள் தண்ணீர் பாட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். ராமீரோ வண்டியை நிறுத்தினான். "எம் பொண்டாட்டிய வாத்தியாரம்மா ஆக்கு தாயே!" என்று காரிலிருந்த கேனையும் இரண்டு பாட்டிலையும் மொத்தமாக வைத்தான். பக்தி வந்தால் அவனுக்குக் கை நிற்காது. நேலிதாவும் தடுக்கவில்லை, அவளும் அந்த மண்ணுக்காரிதானே.

இருநூறு அடி போனதும் காரின் முன்பக்கம் புஸ்ஸென்று ஆவி கக்கியது.

"ஃபிளாஸ்க்ல தண்ணி இருக்கா?" என்றான்.

"மாத்தே டீ, மாத்தே டீன்னு கடைசிச் சொட்டு வரைக்கும் உறிஞ்சினது யாருப்பா?" என்றாள் யமீலா.

ரோட்டில் ஈ காக்கை இல்லை. மணி ஒன்பதரை. நேலிதா கோயிலைத் திரும்பிப் பார்த்தாள்.

"வேணாம் நேலி! குடுத்தத எடுத்தா கை வெளங்காது!"

"யோவ் கெழவா, அவ கைக்கொழந்தையோட தண்ணியில்லாம பாதி வழியில விழுந்தவ. நான் பாதி வழியில நிக்கறத அவ பாத்துக்கிட்டு இருப்பாளா? ஒனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும்."

கோபமாகத்தான் நடந்தாள். ஆனால் கோயில் முன் மண்டியிட்டபோது குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தாயே, கடனாக் கேக்குறேன். ஒண்ணுக்குப் பத்தா எம் புருஷனத் தலையில சொமக்க வைக்கிறேன்." கேனையும் இரண்டு பாட்டிலையும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

ராமீரோ ரேடியேட்டர் மூடிக்குக் கை நீட்டினான். "தள்ளுய்யா. கொதிக்கிற அண்டாவ நீ தெறந்திருக்கியா, நான் தெறந்திருக்கேனா?" சூடு தணியும்வரை பொறுத்து, துணியைப் போட்டு, மூடியை மெல்லத் திருகினாள். கல்லூரிக் காகிதங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினாள். வண்டி இருமிவிட்டுக் கிளம்பியது.

கல்லூரிக்குள் அவள் ஓடி நுழைந்தபோது பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம். ஜன்னலை மூடப்போன அலுவலக அம்மாள் காகிதங்களை இரண்டு விரலால் தூக்கினாள்.

"என்னம்மா இது, நனைச்சுக் கொண்டாந்திருக்கீங்க?"

"தியூந்தா அம்மா தண்ணி. வண்டிக்கு ஊத்தினப்ப தெறிச்சிடுச்சு."

அந்த அம்மாள் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு முத்திரையை ஓங்கிக் குத்தினாள். நேலிதாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பின்னாலேயே ஓடிவந்த யமீலா அம்மாவைத் தூக்கியே விட்டாள்.

திங்கட்கிழமை வகுப்பு. நேலிதா நகரத்திலிருந்த நாத்தனார் வீட்டில் தங்கிவிட, அப்பாவும் மகளும் மறுநாள் ஊர் திரும்பினார்கள். பின்சீட்டில் மெத்தை இருந்த இடத்தில் முப்பது தண்ணீர் பாட்டில்கள். அவற்றோடு கோயிலில் வைக்க நேலிதா ஓர் அட்டை எழுதிக் கொடுத்திருந்தாள்:

"கேட்டதும் கொடுத்தாய். நேலிதா, முதலாமாண்டு மாணவி."