அம்மா தளர்த்திய பஞ்சு

எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. ஆய்வேட்டை ஒப்படைக்க மூன்று வாரமே இருந்தபோது அம்மாவிடம் அப்படித்தான் கத்தினேன்.

நெருங்கிய உறவுள்ள இரண்டு பழ ஈ இனங்களின் குரோமோசோம்களை ஒப்பிடுவது என் ஆய்வு. தீபாவளி விடுமுறையில் ஈக்களுக்கு யார் தீனி வைப்பது என்று, அவற்றை வளர்த்த ஐந்து போத்தல்களையும் அசாம் ஜாவா ஊரிலுள்ள எங்கள் வீட்டுக்கே தூக்கி வந்திருந்தேன். வாயில் பஞ்சு அடைத்து, சமையலறை மேடையில், பூசைக்கு வாங்கிய வாழைப்பழத்துக்குப் பக்கத்திலேயே வைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

விடுமுறை முடிந்து ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பியதும், ஈக்களின் முட்டையிலிருந்து வந்த புழுக்களின் உமிழ்நீர்ச் சுரப்பியை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தேன். அங்கே குரோமோசோம்கள் தடித்து, வரிவரியாகத் தெரியும். இரண்டு இனத்திலும் எக்ஸ் தவிர மற்றக் குரோமோசோம்களின் வரிகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. எக்ஸ் மட்டும் பல இடங்களில் தலைகீழாகத் திரும்பிக் கிடந்தது. ஒன்று மட்டும் எப்படி இவ்வளவு மாறும்? வீட்டில் வாழைப்பழத்தை மொய்த்த வேறு பழ ஈ எதுவோ போத்தலுக்குள் புகுந்து கலந்துவிட்டதோ என்று பயந்து அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"பாவம்லா, மூச்சு முட்டுமேன்னு பஞ்ச கொஞ்சம் தளர்த்தி விட்டேன்," என்றார்.

இரண்டு வருட உழைப்பை நாசமாக்கிவிட்டாய் என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். அதன்பிறகு அம்மா அழைத்தபோதும் எடுக்கவில்லை.

புதிதாக ஈ பிடித்து மறுபடி பார் என்றார் என் பேராசிரியர். வீட்டுப் பக்கமே போகாமல், ஊரோரத்தில் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தில் அழுகிய பழம் வைத்துப் பிடித்தேன். இனம் பிரித்து, முட்டை பொரிந்து புழுவாகும்வரை சோறு இறங்கவில்லை. கடைசி வாரம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். அதே வரிகள், அதே எக்ஸ். பேராசிரியரும் பார்த்தார். எல்லாக் குரோமோசோமும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை, இங்கே எக்ஸ் முந்தியிருக்கிறது, அதையே எழுது என்றார். அப்பாடா என்று கழிவறைக்குள் போய் அழுது தீர்த்தேன்.

அன்று மாலையே வீட்டுக்குப் போனேன். எதுவும் கலக்கவில்லை, தப்பு உன் மேல் இல்லை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"ஓரத்துல ஒண்ணு இருந்துச்சே, ஈயெல்லாம் சாக ஆரம்பிச்சது, அந்தப் போத்தல மட்டுந்தான் தளர்த்தினேன். எதுன்னு நீ கேக்கவே இல்லையே."

அந்தப் போத்தலிலிருந்து நான் ஆய்வுக்கு ஒரு புழுவைக்கூட எடுத்ததில்லை.