பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர், இந்தப் பக்கம் கன்சோல்

கேம் சென்டர் நடத்துவது என்பது, சண்டை போடுவதற்காகவே வருகிறவர்களைச் சண்டை இல்லாமல் வீட்டுக்கு அனுப்பி வைக்கும் தொழில். கல்யாண மண்டபம் வைத்திருப்பவர்கள், டவுன் பஸ் கண்டக்டர்கள், ஒரே வீட்டில் இரண்டு மருமகள்களைக் கட்டி மேய்ப்பவர்கள், நீங்களெல்லாம் என் கஷ்டத்தைக் கேட்டதும் தலையாட்டுவீர்கள். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள், எனக்குக் கோபமில்லை.

நான் படித்தது ஊர்ப் பள்ளிக்கூடத்தில். அங்கே இருந்த ஒரே கம்ப்யூட்டரை ஆயுத பூஜை அன்றுதான் துணி விலக்கிப் பார்த்தோம், அதுவும் சந்தனப் பொட்டு வைக்க. அப்படிப்பட்டவள் சின்னமனூரில் கேம் கடை போட்டு, இடுப்பில் மூன்று வயது மகளோடு நிற்கிறேன் என்றால் எல்லாம் நேரம்தான்.

ஒரு ரூம், இரண்டு நாடு

கடை எனக்கும் என் கொழுந்தன் சரவணனுக்கும் பொது. என் வீட்டுக்காரர் குமுளிக்குக் காய்கறி லோடு அடிக்கிறார். கடைப்பக்கம் வந்தால் தூங்குவதற்குத்தான் வருவார். கம்ப்யூட்டர்களை சரவணன் பாகம் பாகமாக வாங்கிக் கோத்தான். கன்சோல் இரண்டும் டிவி இரண்டும் என் பொறுப்பு. என் பக்கத்து ஆட்கள் மெத்தையில் சாய்ந்துகொண்டு, கோல் விழுந்தால் வீதி வரை கேட்கிற மாதிரி கத்துவார்கள். அவன் பக்கத்து ஆட்கள் காதில் ஹெட்போன் மாட்டி, எதிரி காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இவர்கள் கோல் கத்தலில் அவர்களுக்கு உயிர் போகும், கேமில்தான். கடைசியில் சரவணன் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பை அடித்தான். வயலைப் பிரித்து வரப்பு போட்ட மாதிரி ஆகிவிட்டது கடை.

வரப்பும் போதவில்லை. சரவணன், தேனியில் ஒரு ரூம் பார்த்துவிட்டேன், கம்ப்யூட்டரையெல்லாம் தூக்கிக்கொண்டு போகப்போகிறேன் என்றான். பாதிக் கடையை வைத்துக்கொண்டு இந்த வாடகைக்கு நான் நிற்க முடியாது, கடையே போய்விடும். நல்லவேளை, அப்போதுதான் ஆடி பிறந்திருந்தது. ஆடியில் எங்கள் பக்கம் யாரும் கடை மாற்ற மாட்டார்கள். ஒரு மாதம் கிடைத்தது. "தம்பி, கன்சோல்காரங்களும் கம்ப்யூட்டர்காரங்களும் பகையாளி மாதிரி இருக்கிறதாலதானே போறேங்கிற? ரெண்டு பக்கத்தையும் ஒரே மேட்ச்ல சேத்து விளையாட வச்சுட்டா இருப்பியா?" என்றேன். அவன் கீபோர்டைத் தட்டித் தூசியைக் கொட்டிக்கொண்டே சொன்னான்: "ஆடி முடியிறதுக்குள்ள சேத்துட்டா நா இங்கனயே இருக்கேன் மதினி. ஆனா அது ஆகாத காரியம், இப்பவே சொல்லிட்டேன்."

சிங்கப்பூர் வழியாக

எனக்குத் தெரிந்த வேலையிலிருந்து ஆரம்பித்தேன். வீட்டில் மிக்சிக்கு கரண்டு எட்டவில்லை என்றால் ஒயர் இழுப்போம் இல்லையா? ஒரு நீளமான நெட் கேபிள் வாங்கி, தடுப்புக்கு அடியில் நுழைத்து, அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர் முதுகையும் இந்தப் பக்கத்துக் கன்சோல் முதுகையும் சேர்த்துவிட்டேன். இரண்டும் அந்நியர் போல உட்கார்ந்திருந்தன.

சரவணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஒயர் எல்லாம் வேலைக்காகாதாம். இங்கே பட்டனை அமுக்கினால் அது கேம் கம்பெனியின் சர்வருக்குப் போக வேண்டுமாம். அது சிங்கப்பூரிலோ எங்கேயோ இருக்குமாம். அங்கிருந்து திரும்பி வந்துதான் பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவன் திரையில் தெரியுமாம். ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் பாண்டி அண்ணன் மெத்தையில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மருந்தடித்த கை வாடையோடு தினமும் வந்து கால்பந்து விளையாடுகிறவர், கன்சோல் பக்கத்தின் தலைவர் மாதிரி. அவர் சொன்னார்: "ஏன்த்தா, பக்கத்து வீட்டுல கொஞ்சம் கொழம்பு வாங்க சிங்கப்பூர் போயிட்டு வரணுமா? நல்லா வச்சாய்ங்கய்யா கம்பெனி!"

கொண்டான் கொடுத்தான்

சரி, சிங்கப்பூருக்கே போய்விட்டு வரட்டும் என்று ஒவ்வொரு கேமாகப் போட்டுப் பார்த்தேன். கிரிக்கெட் கேம் அந்தப் பக்கமும் இருக்கிறது, இந்தப் பக்கமும் இருக்கிறது, சேரவில்லை. கால்பந்து போட்டேன். அதே பெயர், அதே அட்டைப் படம், அதே வீரர்கள், அதே புல். அதுவும் சேரவில்லை. விசாரித்தால், கேம் செய்தவன் மட்டும் சம்மதித்தால் போதாதாம், கன்சோல் செய்தவனும் சம்மதிக்க வேண்டுமாம். சில கேமில் இந்தக் கன்சோலும் அந்தக் கன்சோலும் சேரும், கம்ப்யூட்டர் மட்டும் சேராது. சிலதில் இன்று சேரும், அடுத்த வருடக் கேமில் சேராது. கல்யாணத் தரகர் வேலை பார்த்தவர்களுக்குத்தான் இதெல்லாம் புரியும்.

ஜெபா போடியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். கல்லூரி விட்டு பஸ் மாறுகிற இடைவெளியில் நம் கடைக்கு வருவாள். கம்ப்யூட்டர் பக்கத்தில் அவளை ஜெயிக்க ஆள் கிடையாது. நான் நொந்துபோய்ச் சொன்னதையெல்லாம் ஒரு பக்கக் காதின் ஹெட்போனை மட்டும் தூக்கிவிட்டுக் கேட்டாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: "ஒரே பேரு, ஒரே ஊரு, ஒரே மாதிரிதான் இருக்காக, ஆனா பொண்ணு எடுத்துக் குடுக்கிற கொண்டான் கொடுத்தான் மட்டும் கிடையாது. இது எங்க தெருவுலயே இருக்கேக்கா!"

பரிகாரம்

அடுத்து துப்பாக்கிக் கேம். அதில் இரண்டு பக்கமும் சேரலாம் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் சேர்ந்த பிறகு ஒருத்தரை ஒருத்தர் கொன்றுவிடுவார்களே, அதுவும் கடைக்குள் நிஜமாக. அதனால் முதலில் கையைச் சோதிக்கலாம் என்று, ஒரு கம்ப்யூட்டரிலேயே கண்ட்ரோலரைச் சொருகி பாண்டி அண்ணனை உட்கார வைத்தேன். பக்கத்துக் கம்ப்யூட்டரில் மவுசோடு ஜெபா.

பாவம் அண்ணன். கட்டை விரலால் கண்ட்ரோலர் குச்சியைத் தள்ளி அவர் திரும்புவதற்குள் ஜெபா மவுசை ஒரு இழுப்பு இழுத்து முடித்துவிடுவாள். கண்ட்ரோலருக்கு கேமே கொஞ்சம் குறியைப் பிடித்துக் கொடுக்கும். அதற்கும் கம்ப்யூட்டர் பக்கத்திலிருந்து, "கைத்தாங்கல் புடிச்சு நடக்கிற ஆளுக்கு ஓட்டப்பந்தயமா?" என்று கேலி. வரிசையாகத் தோற்றார். சனிக்கிழமை குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போய், ஆடிக் கூட்டத்தில் நசுங்கி, எள்ளு தீபம் போட்டு, நெற்றி நிறையத் திருநீற்றோடு நேராகக் கடைக்கு வந்தார். உட்கார்ந்தார். அன்றும் தோற்றார். கண்ட்ரோலரை மெத்தையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "சனீஸ்வரருக்குப் பரிகாரம் இருக்குத்தா. இந்த எலிக்குட்டிக்குத்தான் ஒரு பரிகாரமும் எழுதி வைக்காமப் போயிட்டாக!"

முறைத் தண்ணீர்

துப்பாக்கியை விட்டேன். காரை ஓட்டிக்கொண்டே பந்தை இடித்து கோல் போடுகிற ஒரு கேம் இருந்தது. அதில் குறி பார்க்கும் வேலை இல்லை, மவுசுக்கும் கண்ட்ரோலருக்கும் சண்டை இல்லை. முக்கியமாக, எல்லாப் பெட்டிகளும் சேரலாம் என்று கேம்காரர்களே எழுதி வைத்திருந்தார்கள். ஒரே நிபந்தனை, எல்லாப் பெட்டியிலும் ஒரே அப்டேட் இருக்க வேண்டும்.

அங்கேதான் புதுச் சண்டை. கடைக்கு இருப்பது ஒரே நெட் லைன். கன்சோல் டவுன்லோடு ஆரம்பித்தால் மொத்த நெட்டையும் குடித்துவிடும். தடுப்புக்கு அந்தப் பக்கம் கடைமடை வயல் மாதிரி காய்ந்து கிடக்கும். "மதினி, நெட்ட விடுங்க!" என்று சரவணன் கத்துவான். பெரியாற்றுத் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சும் ஊர்க்காரிக்கு இது ஒரு பிரச்சினையா? ஒரு மணி நேரம் இந்தப் பக்கம், ஒரு மணி நேரம் அந்தப் பக்கம் என்று முறை போட்டேன். முறை இல்லாத பக்கம் யாரும் டவுன்லோடைத் தொடக் கூடாது. எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். இருந்தும் எங்கள் முறையில் நெட் ஊர்ந்தது. தடுப்பைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தால், மார்க்கையன்கோட்டை விக்னேஷ், போலீஸ் வேலைக்குப் படித்துக்கொண்டிருக்கும் பையன், டவுன்லோடு ஓடும் திரையைத் துண்டால் மூடிவிட்டு ரொம்ப நல்லவனாக உட்கார்ந்திருந்தான். துண்டை இழுத்தேன். கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னான்: "எங்கப்பா அங்கன அடுத்தவுக முறையில மடையத் தொறக்குறாரு, நா இங்கன தொறந்தேன். வயல்ல வளந்த கைக்கா, தானா போயிருச்சு!"

ஆடிக் கடைசி

ஆடி முடிகிற அன்று சாயங்காலம் எல்லாப் பெட்டியிலும் அப்டேட் முடிந்தது. ஆளைப் பிரிப்பதில் நான் ஒரு வேலை செய்தேன். கன்சோலுக்கு எதிரே கம்ப்யூட்டர் என்று விட்டால் பழைய சண்டைதானே? அதனால் பாண்டி அண்ணனும் ஜெபாவும் ஒரு அணி. நானும் சரவணனும் ஒரு அணி. ஒவ்வொரு அணிக்கும் பிளைவுட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கூட்டாளி. மகளை மடியில் வைத்துக்கொண்டேன். பேட்டரி செத்த பழைய கண்ட்ரோலர் ஒன்று அவளுக்கென்றே உண்டு. அதை அமுக்கிக்கொண்டு, தான்தான் விளையாடுகிறோம் என்று நம்பிக்கொண்டிருப்பாள். அவளைப் போல நிம்மதியான வாடிக்கையாளர் எங்கள் கடையில் வேறு யாரும் இல்லை.

ஜெபா கேமுக்குள் ஒரு ரூம் போட்டு, பாஸ்வேர்டைத் தடுப்புக்கு மேலாகக் கத்தினாள். நாங்கள் அடித்தோம். அப்படி ஒரு ரூமே இல்லை என்றது கன்சோல். திரும்ப அடித்தோம். இல்லை. விடிந்தால் ஆவணி. சரவணன் பக்கத்திலிருந்து நாற்காலி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. பாண்டி அண்ணன் பொறுக்காமல், "ஏலே சரவணா! எங்கிட்டத் தோத்துருவோம்னுதான தேனிக்கு ஓடுற? ஓடு, ஓடு!" என்றார். நாற்காலிச் சத்தம் நின்றது. சரவணன் தடுப்பைச் சுற்றிக்கொண்டு விறுவிறுவென்று வந்தான். என் கையிலிருந்த கண்ட்ரோலரை வாங்கினான், கேமின் செட்டிங்குக்குள் போனான், மற்ற பெட்டிக்காரர்களோடு சேரலாமா என்று கேட்கும் ஒரு சுவிட்சை ஆன் செய்தான். அண்ணனின் கன்சோலிலும் அதையே செய்தான். துளி கூடத் தேடவில்லை, நேரே அங்கே போனான். "தம்பி, இத யாரு ஆஃப் பண்ணி வச்சது?" என்றேன். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "வெட்டிப் பேச்சு எதுக்கு மதினி? கேம விளையாடுங்க!"

கோல்

சேர்ந்துவிட்டது. என் கார் பக்கத்தில் சரவணனின் கார் வந்து நின்று ஒரு குலுங்கு குலுங்கியது பாருங்கள், அந்த ஒரு மாதப் பாடும் மறந்துவிட்டது. கேமுக்குள் பேச மைக் எல்லாம் யாரும் மாட்டவில்லை. அவரவர் சத்தம் பிளைவுட்டைத் தாண்டி நேராகவே போனது. "மதினி, கோல விட்டு நகராதீக!" "ஜெபா, அடிச்சுத் தள்ளு ஆத்தா!" ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு அதிகமாகக் கத்தியது யார் என்று நினைக்கிறீர்கள்? சத்தம் ஆகாது என்று தடுப்பு அடித்தவன்தான்.

அணிக்கு இரண்டு கோலில் நிற்கும்போது மகள் மடியிலிருந்து வழுக்கினாள். அவளைத் தூக்கி உட்கார வைத்து, கீழே கிடந்த கண்ட்ரோலரை எடுத்துக்கொண்டு அமுக்குகிறேன், அமுக்குகிறேன், என் கார் நான் சொல்வதைக் கேட்காமல் பின்னாலேயே போகிறது. போன இடத்தில், ஜெபா எங்கள் கோலைப் பார்த்து அடித்த பந்து அதன் முதுகில் பட்டு, எகிறி, எதிர்ப்பக்கம் உருண்டுபோய் கோலுக்குள் விழுந்தது. ஆட்ட நேரமும் முடிந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம், "மதினி! என்னா அடி மதினி!" என்று சரவணன் நாற்காலி மேல் ஏறி நின்று, பிளைவுட்டுக்கு மேலாகத் தலையை நீட்டினான். அப்போதுதான் கையைப் பார்க்கிறேன், நான் பிடித்திருப்பது செத்த கண்ட்ரோலர். உயிருள்ளது என் மகள் கையில். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்த பாண்டி அண்ணன் பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "கன்சோலும் கம்ப்யூட்டரும் சேந்தது இருக்கட்டும். ஆத்தாளும் மகளும் சேந்து என்னையக் கவுத்துட்டீகளே!"

ஆவணி

ஆவணி ஒன்றாம் தேதி காலையில் நான் கடை திறக்க வரும்போது சரவணன் எனக்கு முன்னாலேயே வந்து, ஸ்க்ரூ டிரைவரோடு தடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். அந்த பிளைவுட்டுக்கு நாலு கால் அடித்து, இப்போது என் மகள் மதியம் தூங்குவது அதில்தான். "என்ன தம்பி, தேனி ரூம் என்னாச்சு? சாமானைக் கட்டலையா?" என்று சும்மா கிண்டினேன். தெருவில் ஒரு சீர்வரிசை வண்டி போய்க்கொண்டிருந்தது. அந்த வாரம் மட்டும் எங்களுக்கே மூன்று கல்யாணப் பத்திரிகை. சரவணன் காலண்டரைப் புரட்டி, முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு சொன்னான்: "போலாம்னுதான் பாக்குறேன் மதினி, இந்த ஆவணியில ஒரு நாள் கூட நல்ல நாளா இல்லையே!"

ஆக, கன்சோலும் கம்ப்யூட்டரும் சேர்ந்து விளையாட முடியுமா என்று யாராவது கேட்டால், தாராளமாக முடியும், அதற்கு இரண்டு கம்பெனிக்காரர்களும் சிங்கப்பூரும் சம்மதித்த பிறகு வீட்டுக் கொழுந்தனும் கொஞ்சம் மனசு வைக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.